கேட்காமலே பையைத் திறந்தவள்

அந்தப் பல்கலைக்கழக மகளிர் விடுதியின் துணை வார்டனுக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் சிசிடிவி. முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், படி திரும்பியதும் சிசிடிவி. அது அவளுக்கும் தெரியும். தெரியாமல் இருக்குமா? தனக்குத் தெரியாமல் அந்தக் கட்டிடத்தில் ஒரு பல்லிகூட முட்டையிட முடியாது என்று நம்புகிறவள் அவள். பெயரைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நிஜமான காமிரா ஒன்று வாசலில் மாட்டியிருக்கிறார்கள்தான். அது போன மழையில் நனைந்ததோடு சரி.

சந்தேகப்படுவது அவளுக்குக் குணம் இல்லை, தொழில். விடுதிக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் வருஷக்கணக்காக நின்றவள். வெளியே போகிறவர்களின் பையை வாங்கி, பில்லோடு சரிபார்த்து, ஒரு முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் கால் இரண்டும் வீங்கிவிடும். ஆனால் அந்த வாசல் அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னையே சோதிக்கறியா?” என்று சண்டைக்கு வருகிறவளிடம் ஒன்றும் இருக்காது. ரோஷக்காரி, அவ்வளவுதான். கேட்பதற்கு முன்னாலேயே பையை விரித்துக் காட்டுகிறாள் பாருங்கள், அவளைத்தான் நிறுத்த வேண்டும். அவள் பையில் ஒன்றும் இருக்காது, இடுப்பில் இருக்கும். அப்படிப் பிடித்துக்கொடுத்ததற்காக முதலாளியே ஒரு முறை எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டியிருக்கிறார்.

முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் நிற்கிற வேலையை விட்டு உட்கார்கிற வேலைக்கு வந்தாள். அவள் கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். விடுதி வேலை கிடைத்த அன்று மட்டும், “நல்லதாப் போச்சு, இனிமே என் சட்டைப் பைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்” என்றார். இதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள்.

போன் விஷயம் அவள் தலையில் வந்து விழுந்தது அந்த வருஷம்தான். பிள்ளைகள் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, கண்ணாடி முன்னால் நின்று அழுகிறார்கள், எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம் என்று பல்கலைக்கழகத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசினவர்கள் மேசைக்கடியில் தங்கள் போனைத் தடவிக்கொண்டேதான் பேசினார்கள் என்று கூட்டத்துக்கு டீ கொண்டுபோனவன் சொன்னான். முடிவில் ஓர் உத்தரவு வந்தது. மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை படிப்பு நேரம். அந்த நேரத்தில் எல்லார் போனும் வார்டன் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அலமாரிக் கதவின் உட்பக்கம் துணியில் வரிசையாக உறைகள் தைத்து, ஒவ்வொன்றின்மேலும் அறை எண்ணும் பெயரும் எழுதித் தொங்கவிட்டார்கள். அலமாரிச் சாவி சிசிடிவியின் இடுப்பில்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? முதல் நாளே உறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. சிசிடிவிக்கு அதுவே உறுத்தியது. இவ்வளவு சுலபமாக யாரும் எதையும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பாதிக்கு மேல் செத்த போன். தம்பி உடைத்தது, தண்ணீரில் விழுந்தது, அப்பா தூக்கிப் போட்டது. ஒரு போன் கவருக்குள் துணி துவைக்கிற சோப்புக் கட்டியை அளவாகச் சீவி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் குளியலறை ஓட்டுத் துண்டு, கண்ணாடி ஒட்டியிருந்ததால் பார்க்க அசலாகவே இருந்தது.

“எப்பிடிம்மா இது? இந்த மூளைய படிப்புல காட்டினா எங்கயோ போயிருப்பீங்களே!” என்று ஓட்டுத் துண்டின் சொந்தக்காரியைக் கேட்டாள்.

“சிவில் இன்ஜினியரிங் அக்கா” என்றாள் அவள். “படிப்புலதான் காட்டியிருக்கேன்.”

இப்படி ஒவ்வொருத்தியாகப் பிடித்தாள், திட்டினாள், உண்மையான போனை வாங்கி உள்ளே வைத்தாள். மறுநாள் புதுத் தந்திரம் வரும். அதையும் பிடிப்பாள். உண்மையைச் சொன்னால், துணிக்கடையை விட்ட பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

ஒருத்தி மட்டும் கணக்கில் வரவில்லை. மேல்மாடிக் கடைசி அறையில் இருந்த இரண்டாம் வருஷக்காரி, புள்ளியியல் படிக்கிறவள். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, போகிற வருகிற சத்தமும் கிடையாது. சிசிடிவி அவளுக்கு அமுக்குணி என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாரும் மணி அடித்த பிறகு முனகிக்கொண்டு வருவார்கள், அமுக்குணி மணிக்கு முன்னாலேயே வந்து நிற்பாள். அவள் கொடுப்பது செத்த போன் அல்ல. சார்ஜ் இருக்கும், சிம் இருக்கும், நல்ல விலையுள்ள போன். உறைக்குள் போட்ட பிறகும் அது உள்ளே கிடந்து சிணுங்கிக்கொண்டே இருக்கும். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு வாங்கிப் போவார்கள். இவள் எல்லாரும் போன பிறகு கடைசியாக வருவாள், வந்தும் கை நீட்ட மாட்டாள்.

ஒரு நாள் கேட்டாள். “அக்கா, காலையில வந்து வாங்கிக்கட்டுமா?”

சிசிடிவிக்கு மூக்கில் வியர்த்தது. கேட்காமலே பையைத் திறந்து காட்டுகிறாள்! அப்படியென்றால் இடுப்பில் என்ன இருக்கிறது?

“சரி, காலையில வா” என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல. வலை விரித்தால் கொஞ்சம் இடம் விட்டுத்தானே விரிக்க வேண்டும்.

மறுநாள் காலை அமுக்குணியின் அறைத்தோழியைத் துணி காயப்போடும் இடத்தில் மடக்கினாள். அந்தப் பெண்ணுக்கு விடுதியில் வாயாடி என்றுதான் பெயர். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்லுவாள்.

“நேத்து உன் ரூம்ல அவ சீக்கிரம் தூங்கிட்டாளா?”

“எங்கக்கா தூங்கறா! போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வேற. என்னடின்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு அப்பிடியே அமுக்கிட்டா.”

போன் அலமாரியில். வெளிச்சம் போர்வைக்குள். இதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டாவது போன் இருக்கிறது, அதில் யாருக்கோ டிக்கு டிக்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். நல்ல போனைக் காட்டிவிட்டுக் கள்ளப் போனை வைத்துக்கொள்கிறவள் சாதாரண ஆள் இல்லை. சிசிடிவி அன்றிலிருந்து அவள்மேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த முறை அமுக்குணி அதே கேள்வியைக் கேட்டபோது அவள் பிடி கொடுக்கவில்லை.

“இது என்ன பேங்க் லாக்கரா? ஒன்பது மணிக்கு எல்லாரையும் போல எடுத்துட்டுப் போ.”

“ப்ளீஸ் அக்கா. இன்னிக்கு ஒரு நாள்.”

“ஒரு நாளும் இல்ல, அரை நாளும் இல்ல. ரூல்னா ரூல்தான்.”

அந்தப் பெண் போனை வாங்கினாள். சூடான பாத்திரத்தை வாங்குகிறவள் போல, விரல் நுனியால். மடியில் கனம் இருந்தால் அப்படித்தானே வாங்குவாள் என்று சிசிடிவி நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒன்பது மணி அடித்ததும் போனை அவள் கையில் திணித்துத்தான் அனுப்பினாள். அவள் வராவிட்டால் வாயாடியை அனுப்பிக் கூப்பிட்டு வரச் சொல்லித் திணித்தாள்.

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புதன்கிழமை மதியம் ஆனால் அமுக்குணி தனியாக எங்கோ போகிறாள். சிசிடிவி குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மருத்துவ மையத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டிடம், மரத்தடியில் பாதி மறைந்து நிற்கும். உள்ளே போனவள் வெகுநேரம் கழித்து, கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தாள். மருத்துவ மையம், அழுகை, இரண்டாவது போன். இந்த மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் என்ன விடை வரும் என்று பெண் பிள்ளைகளைக் காவல் காக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாததற்கு, இன்னொரு நாள் அந்தப் பெண் கடைத்தெருவிலிருந்து துப்பட்டாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தை மறைத்துக் கொண்டுவந்தாள். அதற்கப்புறம் ஒரு காலை எழுந்திருக்கவே இல்லை, உள்தேர்வுக்கும் போகவில்லை. “விடிய விடிய போன் பாத்துட்டு இப்பதான் கண்ண மூடினா” என்றாள் வாயாடி.

எந்த போன் என்று சிசிடிவி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இரண்டாவது போன் என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டியா?” என்றார்.

“கேட்டா சொல்லுவாளா?”

“கேட்டாத்தான தெரியும்.”

லிப்டோடு பழகுகிற மனிதருக்கு மனுஷர்களைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் அமுக்குணியின் அப்பாவுக்கு போன் போட்டாள்.

அவர் ஒரு சரக்குக் கிடங்கில் பளு தூக்கி வண்டி ஓட்டுகிறவர். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முழுக்கக் கேட்டுக்கொண்டார். “சனிக்கிழமை வர்றேன் மேடம். நீங்க சொல்றது நிஜம்னா, பெட்டி படுக்கையோட கூட்டிட்டு வந்துடறேன். படிச்ச வரைக்கும் போதும்.”

போனை வைத்ததும் முதலாளி பாராட்டிய நாளில் வந்த அதே நிறைவு வந்தது. கொஞ்ச நேரம்தான். கடையில் யாரையும் பொருளோடு பிடித்த பிறகுதான் மேலே சொல்லுவாள். இந்த முறை பொருள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை காலை, அப்பா வருவதற்கு முன்னால், மேல்மாடிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அமுக்குணி எழுந்து நின்றாள். இரண்டு கண்ணுக்கடியிலும் மை அப்பினது போல் கறுப்பு. சாட்சிக்கு வாயாடியைப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

“அலமாரியத் தொற.”

அவள் எதுவும் கேட்காமல் திறந்தாள். திறந்த விதமே சிசிடிவிக்குப் பிடிக்கவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். கீழ்த்தட்டில், குளிர்ச்சட்டைக்கு அடியில், ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றிய பொருள் கையில் தட்டுப்பட்டது. கெட்டியாக, சதுரமாக. உள்ளேயிருந்து டிக்கு டிக்கு.

“இதென்ன?” என்றாள். குரல் தானாக உயர்ந்தது. “இதென்னன்னு கேக்கறேன்?”

துண்டைப் பிரித்தாள். அலாரம் கடிகாரம். பச்சை நிறத்தில், சாவி கொடுக்கிற சின்ன மேசைக் கடிகாரம்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்மூடியைக்கூடக் கழற்றப் பார்த்தாள். பிறகு துணிக்குள் மறுபடி கை விட்டாள். ஒரு டார்ச். ஒரு கால்குலேட்டர், அன்று துப்பட்டாவுக்குள் வந்த பொட்டலத்தின் அளவில். அவ்வளவுதான். போன் இல்லை. மெத்தையைப் புரட்டினாள், தலையணை உறைக்குள் கை விட்டாள், குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்தாள். போன் இல்லை.

“இதெல்லாம் எதுக்கு?” என்றாள் சிசிடிவி. “போன்லயே எல்லாம் இருக்கே.”

“அதுக்குத்தான் அக்கா.”

“எதுக்குத்தான்?”

“அலாரம் வெக்கலாம்னு போன எடுப்பேன், விடிஞ்சிடும். கணக்குப் போடலாம்னு எடுப்பேன், சாப்பாட்டு நேரம் போயிடும். லைட்டுக்குன்னு எடுத்தாலும் அதேதான். எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க அதுல. பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு என்ன ஆச்சுன்னு தோணும், நெஞ்சு அடிச்சுக்கும், அப்பவும் கீழ வெக்க முடியாது.” தரையைப் பார்த்தே பேசினாள். “ஒவ்வொண்ணா வெளியில வாங்கிடு, போனுக்கு வேலையே இல்லாம பண்ணிடுன்னு டாக்டர் சொன்னாங்க. சத்தம் இவளுக்குத் தொந்தரவா இருக்கும்னு துண்டுல சுத்தி வெச்சேன்.”

“எந்த டாக்டர்?”

“கவுன்சிலிங் டாக்டர். புதன்கிழமை போவேன்.”

“போர்வைக்குள்ள வெளிச்சம்?”

“டார்ச். தூக்கம் வரலன்னா புக்கு படி, போன் மட்டும் ரூம்ல இருக்க வேண்டாம்னாங்க.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்கு ஒரு நாள் நீங்க காலை வரைக்கும் வெச்சிருந்தீங்கள்ல? அன்னிக்குக் கொஞ்சமாவது தூங்கினேன். அப்புறம் நீங்கதான் அக்கா ஒன்பது மணிக்கு ஆள் அனுப்பி அனுப்பிக் குடுத்தீங்க.”

வாயாடி குனிந்து, கவிழ்ந்து கிடந்த குப்பைக்கூடையை நிமிர்த்தி வைத்தாள். சிசிடிவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் கீழே வாசல் மணி அடித்தது. உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார் என்று காவலாளி கத்தினான்.

“அது யாரு?” என்றாள் அமுக்குணி.

“உங்கப்பா. நான்தான் வரச் சொன்னேன். நீ ரெண்டாவது போன் வெச்சிருக்கேன்னு சொன்னேன்.”

“கவுன்சிலிங்னு சொல்லாதீங்க அக்கா. பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு அப்பிடியே கூட்டிட்டுப் போயிடுவாரு. வீட்டுல பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க. நானும் போனும் மட்டும்தான் இருப்போம்.” சிசிடிவியின் கையைப் பிடித்தாள். “என்னால முடியாதுக்கா. இங்கன்னா அந்த உறையாவது இருக்கு.”

பார்வையாளர் அறையில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் காலிப் பெட்டி ஒன்று. மகளைப் பார்த்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“எங்க மேடம் அந்த போன்?”

“இல்லைங்க. தேடிப் பாத்துட்டேன். அப்பிடி ஒண்ணு இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“போன்ல அவ்வளவு உறுதியா சொன்னீங்க. இப்ப இல்லங்கறீங்க. நடுவுல என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. இவ ரொம்ப ஒழுங்கான பொண்ணு. இந்த விடுதியில கேக்காமலே நிஜ போனக் குடுக்கறது இவ ஒருத்திதான்.”

“அதான் எனக்கு இடிக்குது” என்றார் அவர். “எல்லாப் புள்ளையும் ஒளிக்கும்போது இவ மட்டும் ஏன் தானா கொண்டுவந்து குடுக்கணும்? எதையோ மறைக்கறவதான் முந்திக்கிட்டு நல்ல பேர் வாங்குவா. நீங்களும் சேர்ந்து மறைக்கறீங்க.”

சிசிடிவிக்குச் சுருக்கென்றது. வார்த்தைக்கு வார்த்தை அவளுடையது. எதிரில் நின்று கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. கடை வாசலில் சிரித்த முகத்தோடு பையைத் திறந்தவர்களில் எத்தனை பேர் வெறும் நல்லவர்களோ என்று ஒரு நினைப்பு வேறு வந்து தொலைத்தது.

“ஐயா” என்றாள், கொஞ்சம் கோபமாகவே. “கஷ்டம்னு வந்து நிக்கறவங்களும் முந்திக்கிட்டுதான் வருவாங்க. எனக்கு அது தெரியல. உங்களுக்கும் தெரியல.”

“என்ன கஷ்டம்?” அவர் மகள் பக்கம் திரும்பினார். “என்னம்மா கஷ்டம் உனக்கு?”

சிசிடிவி ஒதுங்கி நின்றாள். அது அவள் சொல்ல வேண்டியது இல்லை. மகள் சுவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“எனக்குத் தூக்கம் வரலப்பா. ரொம்ப நாளாச்சு. போன விட முடியல. டாக்டர்கிட்ட போறேன்.”

சொல்ல வேண்டாம் என்றவளே சொல்லிவிட்டாள். அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார், யார் என்று பார்க்காமலே அணைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து வந்து, காய்ச்சல் பார்ப்பது போல் அவள் நெற்றியில் கை வைத்தார். எங்கே தொட்டுப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மதியம்வரை அப்பாவும் மகளும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சிசிடிவி கதவோரம் இரண்டு முறை போய்விட்டு, இரண்டு முறையும் காதைப் பிடித்து இழுப்பது போல் தன்னைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது அவர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் சந்தேகம் முழுக்கப் போயிருக்கவில்லை.

“பரீட்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம். அந்த டாக்டர் நல்லவங்கதானா?”

“தெரியாதுங்க. கேட்டுச் சொல்றேன்.”

அன்று மாலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே அமுக்குணி வந்தாள். போனை நீட்டினாள். சிசிடிவி வாங்கினாள், உறையை விரித்தாள், அதற்குள் அவள் கட்டைவிரல் போய்ப் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டது. திரை பளிச்சென்று எரிந்தது. அசல் போன்தான். இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து அந்த விடுதியில் யாரும் பார்த்ததில்லை.

“உங்களாலயும் விட முடியல இல்லக்கா?”

சிசிடிவி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தாள். சார்ஜ் இருக்கா பாத்தேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை.

“முடியலதாம்மா” என்றாள். “நீ காலையில வந்து வாங்கிக்கோ.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வாசலில் நின்று திரும்பினாள். “புதன்கிழமை நீங்களும் வாங்களேன். நல்லாப் பேசுவாங்க.”

சிசிடிவி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இவள் ஏன் நம்மைக் கூப்பிடுகிறாள், இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு புதன்கிழமை மதியம் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.